கூறியது கூறல் குற்றமா?

சென்ற உரையிலே, கதையில் காலம் முன்பின்னாக மாறிவரும் முறைமை பற்றிப் பேசினோம். இன்று அதற்கு அயலிலே இருக்கும் வேறோர் உத்தியை எடுத்துக்கொள்வோம். ஒரே சம்பவத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுதல் என்பதே அந்த உத்தி.

கதை கேட்கும் குழந்தை நேற்றுக் கேட்ட கதையையே இன்றும் சொல்லும்படி அடம்பிடிக்கும். ஒரு சொல்லை நாம் மாற்றிவிட்டாலும் "அப்பிடியில்லை" என்று திருத்தும். அதே குழந்தை வளர்ந்து ஆளானதும், "இது கேட்ட கதைதானே" என்று எழுந்து போய்விடுகிறது. இடையில் நடந்தது என்ன? குழந்தைக்கு இனித்த ஒன்று பெரியவர்களுக்கு ஏன் சலித்துப் போகிறது? சலிக்கும் என்று தெரிந்தும் சில கலைஞர்கள் ஏன் அதையே வேண்டுமென்று செய்கிறார்கள்? இக்கேள்விகளைச் சற்று நிதானமாக நோக்குவோம்.

இலக்கணகாரர் என்ன சொல்கிறார்கள்?

நம்முடைய இலக்கண ஆசிரியர்கள் இவ்விடயத்தில் கண்டிப்பானவர்கள். ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை நன்னூல் வகுக்கிறது. அவற்றுள் ஒன்று 'கூறியது கூறல்'. தொல்காப்பியத்து மரபியலும் இதனைக் குற்றங்களின் வரிசையிலேயே வைத்திருக்கிறது. எனவே சொன்னதையே சொல்வது பிழை என்பது நமக்கு மிகப் பழைய தீர்ப்பு.

ஆயினும் அந்தத் தீர்ப்பை எழுதிய கையே அதற்கு விலக்கும் எழுதியிருக்கிறது. அச்சத்திலும் அவலத்திலும் உவகையிலும் வெகுளியிலும் மனிதன் ஒரு சொல்லை ஒரு தடவையோடு விடுவதில்லை. பாம்பைக் கண்டவன் 'பாம்பு பாம்பு' என்கிறான். தீயைக் கண்டவள் 'தீ தீ தீ' என்கிறாள். இதனை அடுக்குத்தொடர் என்று ஏற்றுக்கொண்ட இலக்கணம், அதற்கு எல்லையும் வகுத்தது. விரைவு குறித்து அடுக்கும் சொல்லுக்கு மூன்றும், இசை நிறைக்க அடுக்கும் சொல்லுக்கு நான்கும் வரம்பு என்பது தொல்காப்பியர் கணக்கு. அணியிலக்கணத்திலே தண்டியலங்காரம் ஒருபடி மேலே சென்று, முன்வந்த சொல்லோ பொருளோ மீண்டும் வருவதைப் பின்வருநிலை என்று ஓர் அணியாகவே போற்றுகிறது. நூலிலே குற்றமாக இருப்பது செய்யுளிலே அழகாகிவிடுகிறது.

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு பாலம் உண்டு. கூறியதையே கூறினாலும், அது புதியதொரு பொருளைத் தருமாயின் குற்றமாகாது என்பது தமிழாசிரியர்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் விதிவிலக்கு. இந்த அளவுகோலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய உரை முழுவதற்கும் அது நமக்கு வேண்டியிருக்கும்.

எட்டு வாரம், ஒரே கதை

நான்கு வரம்பு என்றார் தொல்காப்பியர். ஜப்பானியர் எட்டு வரை போய்ப் பார்த்தார்கள்.

'அனிமே' எனப்படும் ஜப்பானியச் சித்திரத் தொடர்களை இன்று எங்கள் உயர்தர வகுப்பு மாணவர்கள் கைத்தொலைபேசியிலேயே பார்த்துவிடுகிறார்கள். அவர்கள் வாயிலாகத்தான் 'சுசுமியா ஹருஹியின் மனவாட்டம்' என்ற தொடர் எனக்கும் அறிமுகமாயிற்று. நகரு தனிகவா என்ற எழுத்தாளரின் கதைநூல்களைக் கொண்டு கியோட்டோ அனிமேஷன் நிறுவனம் தயாரித்த தொடர் இது. 2006 இல் முதன்முதலாக ஒளிபரப்பானபோதே கதை நிகழ்ந்த ஒழுங்கில் அத்தியாயங்கள் வரவில்லை. முன்னது பின்னாகவும் பின்னது முன்னாகவும் கலைத்துப் போட்டுக் காட்டினார்கள். பார்த்தவர்கள் தாமே அடுக்கிக்கொண்டு மகிழ்ந்தார்கள். தொடருக்குப் பெரும் புகழ் கிடைத்தது.

பரபரப்பு எழுந்தது 2009 இல். தனிகவா 2004 இல் வெளியிட்ட நூலொன்றிலே ஒரு சிறுகதை உண்டு. கோடை விடுமுறையின் கடைசி இரு வாரங்கள். ஐந்து மாணவர்கள் நீந்தப் போகிறார்கள், திருவிழாவுக்குப் போகிறார்கள், சில்வண்டு பிடிக்கிறார்கள், வானத்து வெள்ளி பார்க்கிறார்கள். ஓகஸ்ட் 31 ஆம் திகதி இரவு முடிந்ததும் காலம் மீண்டும் ஓகஸ்ட் 17 க்குத் திரும்பிவிடுகிறது. தலைவியாகிய ஹருஹிக்கு விடுமுறை முடிவதில் மனம் நிறையவில்லை. அவளிடம் அவளே அறியாத ஓர் ஆற்றல் இருப்பதால், அவள் மனநிறைவின்மையே காலத்தைச் சுழல வைக்கிறது. இதுதான் கதை. ஒரு வாரத்தில், மிஞ்சினால் இரண்டு வாரத்தில் சொல்லி முடித்திருக்கலாம்.

அவர்களோ எட்டு வாரம் எடுத்துக்கொண்டார்கள். ஜூன் நடுப்பகுதியில் தொடங்கி ஓகஸ்ட் முதல் வாரம் வரை, வாரந்தோறும் அதே நீச்சற் குளம், அதே திருவிழா, அதே உரையாடல். முதல் வாரம் எவருக்கும் ஐயம் எழவில்லை. இரண்டாம் வாரம் காலச்சுழற்சி வெளிப்பட்டபோது ரசிகர்கள் வியந்தார்கள். மூன்றாம் வாரம், இனித் தீர்வு வரும் என்று காத்திருந்தார்கள். நான்காம் வாரம் ஐயுற்றார்கள். ஐந்தாம் வாரம் கோபித்தார்கள். எட்டாம் வாரத்திலேதான் சுழல் அறுந்தது. அதுவும் பெரிய மந்திரத்தாலன்று. கதை சொல்லும் மாணவனாகிய கியோன், விடுமுறைக்கான வீட்டுவேலை இன்னும் செய்யப்படாமல் கிடக்கிறது என்று கத்துகிறான். எல்லோரும் அவன் வீட்டிலே கூடி அதனைச் செய்கிறார்கள். மறுநாள் செப்டெம்பர் பிறக்கிறது.

ரசிகர் உலகம் இரண்டாகப் பிளந்தது. ஏமாற்றுவேலை என்றனர் ஒரு சாரார். துணிவின் உச்சம் என்றனர் மற்றச் சாரார். அந்த வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

இங்கே ஒரு செய்தியைக் குறிப்பிட வேண்டும். தயாரிப்பாளர் ஒரு படச்சுருளையே எட்டுத்தரம் ஓடவிடவில்லை. எட்டு அத்தியாயங்களையும் தனித்தனியே வரைந்தார்கள். நடிகர்களை அழைத்துக் குரலையும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பதிந்தார்கள். உடைகள் வாரத்துக்கு வாரம் மாறின. காட்சியின் கோணங்கள் மாறின. சோம்பலால் செய்த வேலை என்று இதனைச் சொல்ல முடியாது. அப்படியானால் எதற்காகச் செய்தார்கள்?

நினைவில் வைத்திருப்பவர் யார்?

இதை எங்கள் வகுப்பிலேயே ஒருநாள் விவாதத்துக்கு விட்டேன். மாணவர்கள் இரு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள். அதுவரை பேசாமலிருந்த ஒரு மாணவி எழுந்து, "மற்ற எல்லாருக்கும் ஒருதரம்தான் சேர். பாக்கிற எங்களுக்கு எட்டுத்தரம். நகாட்டோவுக்குத்தான் பதினையாயிரந் தரம்" என்றாள்.

அவள் சுட்டிய யூக்கி நகாட்டோ அந்தக் குழுவிலே அதிகம் பேசாத பெண். அவள் மானிடப் பிறவியல்லள். ஹருஹியைக் கவனிப்பதற்கென்று அனுப்பப்பட்டவள். காலம் திரும்பும்போதெல்லாம் மற்றவர்களுக்கு நினைவு அழிந்துவிடுகிறது. அவளுக்கு மட்டும் அழிவதில்லை. நாம் கடைசியிலே காணும் சுழற்சி 15,532 ஆவது சுழற்சி. இரு வாரங்களால் பெருக்கிப் பார்த்தால் 595 ஆண்டுகளைத் தாண்டும். அத்தனை காலமும் ஒரே நீச்சற் குளத்தருகே, ஒரே திருவிழாவிலே, ஒன்றும் சொல்லாமல் அவள் நின்றிருக்கிறாள்.

இதை வசனத்தில் ஒரு வரியாகச் சொல்லலாம். மூலச் சிறுகதை அப்படித்தான் சொன்னது. வாசகன் அந்த எண்ணைப் படித்து, 'அப்படியா' என்று பக்கத்தைப் புரட்டிவிடுவான். தொலைக்காட்சியிலோ, அந்தச் சலிப்பில் எட்டிலொரு துளியையாவது பார்ப்பவன் தன் உடம்பால் அனுபவிக்க நேர்ந்தது. ஐந்தாம் வாரம் கோபித்தவன் தன்னை அறியாமலே நகாட்டோவின் இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தான். 2010 இல் இதன் தொடர்ச்சியாக வந்த நீண்ட திரைப்படத்திலே, இந்தப் பெண் தாங்கமாட்டாமல் உலகையே மாற்றியமைத்துவிடுகிறாள். எட்டு வாரச் சலிப்பையும் கடந்து வந்தவர்களுக்கு அவள் செயல் உடனே விளங்கியது.

நமது அளவுகோலை இங்கே வைத்துப் பார்ப்போம். கூறியது கூறல் புதிய பொருள் தந்ததா? தந்தது என்பதே என் முடிவு. எட்டு வேண்டுமா, ஐந்து போதாதா என்று கேட்டால், அந்த வழக்கில் நான் நடுவராக விரும்பவில்லை. ஆனால் ஒன்று தெளிவு. திரும்பச் சொல்லும் கதையில் 'என்ன நடந்தது' என்ற கேள்வி முதல் முறையோடு முடிந்துவிடுகிறது. அதன்பின் எஞ்சும் கேள்வி, 'இதை யார் நினைவில் வைத்திருக்கிறார்' என்பதே.

நம்மவர் திரையிலே

இதனை ஜப்பானியரின் விநோதம் என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. 1954 இல் ஏ.வி.எம். நிறுவனத்தின் 'அந்த நாள்' வெளிவந்தது. வீணை வித்துவான் எஸ். பாலசந்தர் இயக்க, ஜாவர் சீதாராமன் எழுதிய படம். சென்னையில் ஜப்பானியர் குண்டு வீசிய 1943 ஒக்டோபர் மாதம். சிவாஜி கணேசன் ஏற்ற பாத்திரம் படத்தின் தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறந்துவிடுகிறது. அந்த ஒரே மரணத்தை அயலவர், தம்பி, தம்பியின் மனைவி என்று ஒவ்வொருவரும் தத்தம் கோணத்தில் சொல்கிறார்கள். ஒவ்வொருவர் கதையிலும் கொலையாளி வேறு. அகிரா குரோசாவாவின் 'ரஷோமான்' என்னும் ஜப்பானியப் படம் பாலசந்தருக்குத் தூண்டுதலாக இருந்தது. பாட்டில்லை, நடனமில்லை, சொன்ன சாவையே திரும்பவும் சொல்கிறார்கள் என்று அக்காலத்து ரசிகர் பலர் முகஞ்சுளித்தார்கள். அரசின் தேசிய விருதுச் சான்றிதழ் கிடைத்தும் வசூலில் படம் சோபிக்கவில்லை. இன்று தமிழ்த் திரையின் பெருமைகளைப் பட்டியலிடுவோர் அதனை விட்டுவிடுவதில்லை.

2021 இல் வெங்கட் பிரபுவின் 'மாநாடு' காலச்சுழலையே கதையாக்கி வந்தபோது மக்கள் கொண்டாடினார்கள். காரணம் எளிது. அதில் நாயகனுக்கு முந்திய சுற்றுக்கள் நினைவிருக்கின்றன. செத்துச் செத்துப் பிறந்து ஒவ்வொரு முறையும் ஒரு பிழையைத் திருத்துகிறான். நினைவு அங்கே அவனுக்கு ஆயுதம். நகாட்டோவுக்கோ நினைவு சுமை. இரண்டும் ஒரே உத்திதான். ஆனால் நினைவு எவர் கையில், எதற்காக இருக்கிறது என்பது கதையின் குணத்தையே மாற்றிவிடுகிறது.

முருங்கை மரமும் வட்டக்களரியும்

இவற்றுக்கெல்லாம் முந்தியது நம் பாட்டிமார் சொன்ன வேதாளக் கதை. விக்கிரமாதித்தன் முருங்கை மரத்தில் ஏறி வேதாளத்தை இறக்கித் தோளிலே போட்டு வருகிறான். அது ஒரு கதை சொல்லி, முடிவில் ஒரு கேள்வி கேட்கிறது. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். வாய் திறந்தால் வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிவிடும். இருபத்தைந்து கதைக்கும் அதே சுடலை, அதே மரம், அதே தோள். கடைசிக் கேள்விக்கு அரசனிடம் விடையில்லை. அவன் மௌனமாக நடக்கிறான். சுழல் அறுகிறது. ஜப்பானிய மாணவனின் வீட்டுவேலையும் நம் அரசனின் மௌனமும் ஒரே இடத்தில் நிற்பதைக் கவனியுங்கள். அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தால்தான் வட்டத்திலிருந்து வெளியேறலாம்.

வட்டம் என்றதும் வட்டக்களரி நினைவுக்கு வராமற் போகாது. நமது கூத்திலே ஒரு பாத்திரம் களரிக்கு வரும்போது, இன்னார் வருகிறார் என்று பிற்பாட்டுக்காரர் வரவு பாடுவார்கள். வந்தவர் தன்னை இன்னார் என்று தானும் பாடுவார். ஆடுபவர் பாடிய அடியை அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் வாங்கி மீண்டும் பாடுவார்கள். ஒலிபெருக்கி இல்லாத காலத்திலே, கடைசியில் பாய் விரித்திருந்த கிழவிக்கும் சொல் போய்ச் சேர வேண்டும். ஆடுபவர் மூச்சு வாங்கவும் வேண்டும். இது நடைமுறைக் காரணம். இதற்கு மேலும் ஒரு பயன் உண்டு. ஒருவர் சொன்ன துயரத்தைப் பலர் வாங்கிச் சொல்லும்போது அது அவருடைய துயரமாக மட்டும் இருப்பதில்லை. பிற்பாட்டு என்பது, 'நீ சொன்னது எங்களுக்குக் கேட்டது' என்று சபையறியச் சொல்லும் முறை.

காத்தவராயன் கூத்திலே இன்னொரு புதுமை. காத்தவராயனாக ஒருவரே விடியவிடிய ஆடுவதில்லை. ஒருவர் பின் ஒருவராகப் பலர் அந்த வேடத்தில் வருவர். தாய் மாரி மகனைத் தடுப்பதும் மகன் மறுப்பதும் அதே வகை மெட்டுக்களில் மீண்டும் மீண்டும் வரும். சபைக்கு எல்லாப் பாட்டும் மனப்பாடம். கழுமரம் வரப்போவதும் தெரியும். தெரிந்தும் நேர்த்தி வைத்துக் கூத்துப் போடுகிறார்கள், விழித்திருந்து பார்க்கிறார்கள். முல்லைத்தீவுப் பகுதியிலே கோவலன் கூத்துப் பார்ப்பவர்களும் அப்படித்தான். கோவலன் சிலம்பு விற்கப் போகிறான் என்று தெரிந்தும், போகாதே என்று மனம் பதறும். அடுத்த ஆண்டும் அவன் போவான். அடுத்த ஆண்டும் பதறும்.

மதுரையை எரித்த கண்ணகி அத்தோடு நின்றுவிட்டதாக வன்னி ஒப்புக்கொள்ளவில்லை. அவள் கடல் கடந்து வந்து, பல இடங்களில் தங்கி, வற்றாப்பளையிலே கிழவி உருவில் மாடு மேய்க்கும் சிறுவர்களிடம் வந்தாள் என்பது நம்முடைய ஐதிகம். சிறுவர்கள் பொங்கிக் கொடுத்தார்கள். விளக்குக்கு எண்ணெய் இல்லாதபோது கடல்நீரை விட்டு எரிக்கச் சொன்னாள். இன்றும் வைகாசிப் பொங்கலுக்கு முன்பாக உப்புநீரில் விளக்கெரிகிறது. ஆண்டுதோறும் அதே கதைதான். எனினும் கதை திரும்ப வந்தபோது, எரித்தவள் பசித்தவளாக வந்தாள் என்ற ஒரு மாற்றத்தை இந்த மண் சேர்த்துக்கொண்டது. கூறியது கூறல் புதிய பொருள் தந்ததற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சிலம்பிலே மீள் கூற்று

இனி மூலத்துக்கே போவோம். சிலப்பதிகாரத்தை மறைபொருளாக வைத்துப் படிக்க முடியாது. முடிவு என்னவென்று பதிகத்திலேயே சொல்லப்பட்டுவிடுகிறது. குன்றக்குறவர் தாம் கண்டதைச் சொல்ல, சாத்தனார் மதுரையில் நடந்ததைச் சொல்ல, கதை முழுவதும் வாசலிலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. அதன்பின் முப்பது காதைகள். மதுரைக் காண்டத்தோடு கதை முடிந்தபிறகும் வஞ்சிக் காண்டத்து ஏழு காதைகள் தொடர்கின்றன. அங்கே, நடந்தது மீண்டும் மீண்டும் சொல்லப்படுகிறது. குறவர் சேரனுக்குச் சொல்கிறார்கள். சாத்தனார் விளக்குகிறார். கங்கைக்கரையில் மாடலன் சொல்கிறான். இறுதியாக வாழ்த்துக் காதையிலே தேவந்தியும் செவிலியும் அடித்தோழியும் சேரன் முன்னிலையில் ஒருவர் பின் ஒருவராக ஒரே வாய்பாட்டில் அரற்றுகிறார்கள். வஞ்சிக் காண்டம் பிற்காலச் சேர்க்கை என்று வாதிட்ட அறிஞர்களும் உண்டு. கதை முடிந்தபின் இத்தனை மீள்கூற்று எதற்கு என்ற மனத்தடை அவ்வாதத்துக்கு வலுச்சேர்த்திருக்கலாம். அந்தச் சித்திரத் தொடரின் ஐந்தாம் வாரத்து ரசிகர்கள் நம்மிடையேயும் இருந்திருக்கிறார்கள்!

மாடலன் பகுதியை மட்டும் சற்று நிறுத்திப் படியுங்கள். அவன் மதுரைச் செய்தியைக் கொண்டுபோய்ப் புகாரிலே சொல்கிறான். கேட்டதும் கோவலனின் தந்தை துறவு பூணுகிறார். தாய் இறந்துபடுகிறாள். கண்ணகியின் தந்தையும் துறக்கிறார், தாயும் உயிர் விடுகிறாள். மாதவி துறவு கொள்கிறாள். நடந்ததைச் சொன்னதைத் தவிர மாடலன் செய்த பாவம் ஒன்றுமில்லை. இருந்தும், தன் வாய்ச்சொல் கேட்டவர்கள் மாண்டுபோனதால் அந்தப் பாரம் தீரக் கங்கையாட வந்ததாக அவன் சேரனிடம் சொல்கிறான். சொல்வதும் ஒரு சுமை என்பதை, நினைவில் வைத்திருப்பவன் படும் பாட்டை, இளங்கோ அந்தச் சிறிய பாத்திரத்தின் மேல் ஏற்றிவைத்தார். நகாட்டோ மௌனத்தால் சுமந்ததை மாடலன் பேச்சால் சுமந்தான்.

நமது சுழல்

இதுவரை இலக்கியம் பேசினோம். இனி ஒரு திகதியைப் பேசுவோம். ஜப்பானிலே அந்த எட்டு வாரங்கள் ஒளிபரப்பானது 2009 ஜூன் முதல் ஓகஸ்ட் வரை என்று சொன்னேன். அதே ஜூனிலே, ஜூலையிலே, ஓகஸ்டிலே வன்னி மக்கள் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமானோர் செட்டிகுளத்து மெனிக் பாம் முதலான முகாம்களில் இருந்தார்கள். தண்ணீருக்கு ஒரு வரிசை, சாப்பாட்டுக்கு ஒரு வரிசை, பதிவுக்கு ஒரு வரிசை. மறுநாளும் அதே வரிசைகள். திங்களுக்கும் வெள்ளிக்கும் வேறுபாடு தெரியாத அந்த நாட்களை அறிந்தவர்களுக்கு, காலம் சுழன்று திரும்புவது அறிவியற் கற்பனையாகத் தோன்றாது. பொழுதுபோக்குக்காகச் சலிப்பைச் சமைத்தவர்களும், சலிப்பைத் தவிர வேறொன்றும் இல்லாதிருந்தவர்களும் ஒரே கோடையில் வாழ்ந்திருக்கிறார்கள். இதிலே எவரையும் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாம் அந்தத் தொடரைப் பார்க்கும்போது, அது எமக்கு வேறொன்றாகத் தெரிவதைத் தவிர்க்க முடியாது.

முகாம் முடிந்தபின்னும் ஒரு சுழல் முடியவில்லை. பிள்ளையை, கணவனைத் தேடுபவர்கள் சொல்லத் தொடங்கினார்கள். 2010 இல் அமைக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் சொன்னார்கள். 2013 இல் நியமிக்கப்பட்ட, காணாமற்போனோர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழுவின் முன் சொன்னார்கள். 2016 இல் கலந்தாலோசனைச் செயலணிக்குச் சொன்னார்கள். அதே ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கும் சொன்னார்கள். இடையிலே 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலிலே இருந்துகொண்டு, போய் வருபவர்களுக்கெல்லாம் சொல்லத் தொடங்கினார்கள். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அவ்வாறே. பத்திரிகையாளருக்கு, ஆய்வு மாணவருக்கு, வெளிநாட்டுப் பிரதிநிதிக்கு என்று சொன்னதையே சொன்னார்கள்.

கேட்டவர்கள் என்ன செய்தார்கள்? எழுதிக்கொண்டார்கள். சிலர் உண்மையிலேயே கலங்கினார்கள். பிறகு ஆள் மாறியது, அலுவலகம் மாறியது, படிவம் மாறியது. புதிதாக வந்தவருக்கு முன்னர் சொன்னது எதுவும் தெரியாது. 'முதலிலிருந்து சொல்லுங்கள் அம்மா' என்றார்கள். ஓகஸ்ட் 17 ஆம் திகதி மீண்டும் விடிந்தது. மற்ற எல்லாருக்கும் நினைவழிந்து, ஒருத்திக்கு மட்டும் எல்லாம் நினைவிருந்தது.

ஊரிலுள்ள நாங்களும் இவ்விடயத்தில் முழுக்க நல்லவர்களல்லர். கோயில் முன்றலைக் கடந்து போகையில், 'அதே சனம், அதே படங்கள்' என்று கண் தானாகவே விலகிப் போவது நடக்கிறது. இதயம் இல்லாததால் அப்படி நடப்பதில்லை. கூறியது கூறலைக் கேட்கும் காது களைத்துப்போவதால் நடக்கிறது. கலை இந்த இடத்தில் நமக்கு ஒரு பயிற்சியைத் தருகிறது என்றே நான் கருதுகிறேன். எட்டு அத்தியாயங்களும் ஒன்றுதான் என்று எழுந்து போனவர்கள் உடை மாறியதைக் காணவில்லை, குரல் மாறியதைக் கேட்கவில்லை. இருந்து பார்த்தவர்களுக்கே, ஒரு மூலையில் நின்ற பெண் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகக் களைத்துப் போவது தெரிந்தது.

வழக்குரை காதையிலே கண்ணகி பாண்டியனிடம் தன் ஊரைச் சொல்கிறாள், கணவன் பெயரைச் சொல்கிறாள், சிலம்பை உடைத்துக் காட்டுகிறாள். ஒரேயொரு முறைதான். கேட்க வேண்டியவன் கேட்டான், தன் பிழையை அறிந்தான், தன் உயிரால் விடை சொன்னான். அவள் அதே வழக்கை இன்னொரு சபையில் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. குறவரும் சாத்தனாரும் மாடலனும் திரும்பத் திரும்பச் சொன்னதெல்லாம் அதற்குப் பின்னர். அவர்கள் அவளுடைய பாட்டை வாங்கிப் பாடிய பிற்பாட்டுக்காரர்கள். நம் காலத்திலோ வரிசை தலைகீழாகிவிட்டது. பாடியவளே பிற்பாட்டும் பாட வேண்டியிருக்கிறது.

ஆகவே, கூறியது கூறல் குற்றமா என்ற கேள்விக்கு என் விடை இதுதான். சொல்பவரிடத்தில் அது குற்றமாவது, புதிதாக ஒன்றும் சேராதபோது. அந்தத் தாய்மார் சொல்வதிலோ ஒவ்வொரு முறையும் புதிதாக ஏதோ ஒன்று சேர்ந்திருக்கிறது. முதல் முறை கையில் பிடித்திருந்த படம் நாலாம் முறை மங்கியிருக்கும். முதல் முறை பக்கத்தில் இருந்து கண் துடைத்த கணவர் நாலாம் முறை வந்திருக்கமாட்டார். மகனுடைய வயதைக் கேட்டால், போன வயதைச் சொல்வதா இருக்க வேண்டிய வயதைச் சொல்வதா என்று அவர் ஒரு கணம் தடுமாறுவார். இந்த மாற்றங்களைக் கவனிக்கத் தெரிந்த காது உள்ளவருக்கு அது கேட்ட கதை ஆகாது.

அடுத்த உரையில், நாட்டார் ஒப்பாரிகளில் விளிச்சொற்கள் மாறிவரும் முறையை நோக்குவோம். அதற்கு முன்பாக, இயன்றவர்கள் வஞ்சிக் காண்டத்தை ஒருமுறை படித்து வையுங்கள். முன்பு படித்தவர்கள் இன்னொருமுறை படியுங்கள்.